புரவலரும் இரவலரும்

தமிழ்ச் சங்கங்கள் வெளியிடும் மலர்களைப் புரட்டுவோர், வாழ்த்துச் செய்திகளுக்கும் தலைவர் உரைக்கும் அடுத்து ஒரு பெயர்ப் பட்டியலைக் காண்பர். அதன் தலைப்பு பெரும்பாலும் ‘புரவலர்கள்’ என்றிருக்கும். அதன்கீழ் ஆயுள் உறுப்பினர், ஆண்டு உறுப்பினர் என வரிசை இறங்கும். ஒவ்வொரு படிக்கும் உரிய தொகை ஒன்றுண்டு. சங்கப் பாடல்களில் வேந்தரையும் வேளிரையும் குறித்த ஒரு சொல், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளைக் கடந்து, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பெங்களூரிலும் வாழும் தமிழரின் இரசீதுப் புத்தகத்தில் வந்து அமர்ந்திருக்கிறது. பழஞ்சொல் ஒன்று அகராதியில் உறங்கிக் கிடவாமல் மக்களிடையே நடமாடுவது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் அச்சொல் எப்பொருளோடு புறப்பட்டது, வழியில் எதைச் சேர்த்துக்கொண்டது, எதைக் கைவிட்டது என ஆராய்தல் அதனைப் பயன்படுத்தும் நம் கடமையாகும். நாம் ஈண்டுச் சொல்ல விழைவது ஒன்றே: ‘புரவலர்’ தனித்து நிற்கும் சொல்லன்று. அது இணையோடு பிறந்த சொல். அவ்விணையை மறந்துவிட்டதனால் இன்று அது பாதிப் பொருளோடுதான் வழங்கி வருகிறது.

சொல்லும் சுற்றமும்

புரத்தல் என்னும் வினைக்குக் காத்தல், பேணுதல் என்பனவே அடிப்படைப் பொருள்கள். கொடுத்து ஆதரித்தல் என்பது அவற்றினின்று கிளைத்த பொருள். திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தில் ‘புரந்தார்’ என்னும் சொல், வீரனொருவனைப் பேணி வளர்த்த தலைவனைக் குறிக்கிறது. அத்தலைவன் கண்ணீர் பெருக்குமாறு சாகும் சாவு, இரந்தும் பெறத்தக்கது என்கிறார் வள்ளுவர். அங்கே பேசப்படுவது ஒருநாள் கொடுத்த பொருளன்று. வாழ்நாள் முழுதும் நீளும் ஓர் உறவு.

நாம் வாழும் நகரங்களின் மொழிகளைச் செவிமடுத்தால் இப்பொருள் இன்னும் தெளிவாகும். இந்திக்காரர் இதே பதவியைச் ‘சம்ரக்ஷக்’ என்பர். மலையாளிகள் ‘ரக்ஷாதிகாரி’ என்பர். இரண்டிலும் காவலே முதன்மை பெறுகிறது. கன்னடத்தார் ‘போஷகரு’ என்னும்போது ஊட்டி வளர்த்தல் முன்னிற்கிறது. வங்காளியர் ‘பிருஷ்டபோஷக்’ என்கின்றனர். பின்னின்று தாங்குபவர் என அதற்குப் பொருள் கொள்ளலாம். நம்மவரும் ஒரு காலத்தில் ‘போஷகர்’ என்றே அச்சிட்டு வந்தனர். தனித்தமிழ் உணர்வு பரவிய பின்னர் அவ்விடத்தைப் ‘புரவலர்’ பெற்றது. ஆங்கிலத்துப் ‘பேட்ரன்’ என்பதோ தந்தை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது. உரோமாபுரியில் விடுதலை பெற்ற அடிமைக்கு அவனுடைய பழைய ஆண்டான் ‘பேட்ரன்’ ஆனான். ஆகவே அச்சொல்லில் தந்தையின் அன்பும் ஆண்டானின் மிடுக்கும் தொடக்கத்திலிருந்தே கலந்து கிடக்கின்றன.

அம்மிடுக்கை எதிர்த்து எழுந்த குரல்களுள் ஆங்கில நாட்டுச் சாமுவேல் ஜான்சனின் குரல் புகழ்பெற்றது. தம் அகராதியின் திட்டத்தை 1747இல் செஸ்டர்பீல்டு பிரபுவுக்கு உரிமையாக்கிய ஜான்சன், அவரிடமிருந்து தக்க துணை பெற்றாரில்லை. அகராதி முடிந்து வெளிவரும் தறுவாயில், பிரபு அதனைப் பாராட்டி இதழொன்றில் எழுதினார். ஜான்சன் 1755 பிப்ரவரி 7ஆம் நாள் அவருக்கு ஒரு மடல் விடுத்தார். நீரில் மூழ்கித் தத்தளிப்பவனை வாளா பார்த்திருந்துவிட்டு, அவன் கரையேறிய பின்னர் உதவி என்னும் பெயரால் தொல்லை தருபவர்தாமா புரவலர் என்பது அம்மடலின் கேள்வி. அகராதியிலும் அச்சொல்லுக்குப் பொருள் எழுதுகையில், இறுமாப்போடு ஆதரித்து முகத்துதியைக் கூலியாகப் பெறும் இழிந்தவன் எனக் குத்திக் காட்டினார். 1749இல் வெளிவந்த கவிதை ஒன்றில் கற்றவனைச் சூழும் துன்பங்களை அடுக்கியவர், அவ்வரிசையில் முதலில் ‘கூரையடிச் சிற்றறை’ எனப் பொருள்படும் சொல்லை வைத்திருந்தார். பின்வந்த பதிப்பில் அதனை நீக்கி, அவ்விடத்தில் ‘பேட்ரன்’ என்னும் சொல்லையே வைத்தார்.

வாணிகம் செய்யாத பரிசிலர்

ஜான்சனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே நம் நாட்டில் ஒரு புலவர் இதனினும் உரத்துப் பேசியிருக்கிறார். அவர் பெருஞ்சித்திரனார். அதியமான் நெடுமான் அஞ்சியைக் காண அவர் சென்றபோது, அவன் அவரை நேரிற் காணாமலே பரிசிலைக் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. தாம் பண்டம் விற்றுப் பொருள் பெறும் வணிகர் அல்லர் என்றும், தம் தகுதியை அறிந்து பேணி அளிப்பதாயின் தினையளவு பரிசிலும் இனிதே என்றும் கூறிவிட்டார். இது புறநானூற்றில் 208ஆம் பாடல்.

இளவெளிமானிடம் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. அவன் கொடுத்த சிறு பரிசிலைக் கொள்ளாது சென்ற பெருஞ்சித்திரனார், குமணனைப் பாடி யானை பெற்றார். அதனைக் கொண்டுவந்து இளவெளிமானின் ஊர்க் காவல்மரத்திற் கட்டினார். இரவலரைப் புரப்பவன் நீயல்லை. அதனால் இரவலருக்குப் புரவலர் இல்லாமற் போகவுமில்லை என்னும் கருத்துப்பட அவன்முன் நின்று பேசினார். அந்த 162ஆம் பாடலில் புரவலர், இரவலர் என்னும் இரு சொற்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வருகின்றன. புரப்பவன் யார் என முடிவு செய்யும் உரிமை இரப்பவன் கையில் இருக்கிறது என்பதே அப்பாடலின் உட்பொருள். ‘புரவலன்’ என்பது கொடுப்பவன் தனக்குத்தானே சூட்டிக்கொள்ளும் பட்டமன்று. பெறுபவன் மனமுவந்து அளிக்கும் சான்று. வேண்டாதபோது அவன் மறுத்துவிடவும் கூடும்.

ஜான்சனின் நிலையோடு ஒப்பிடும்போது பெருஞ்சித்திரனாரின் துணிவு நன்கு விளங்கும். ஜான்சனுக்கு அகராதிப் பணிக்கு ஊதியம் தந்தோர் இலண்டன் நகரப் புத்தக வணிகர்கள். பிரபுவின் வாயில் அடைபட்டாலும் வாங்குவோர் கூடும் அங்காடி திறந்திருந்தது. பெருஞ்சித்திரனாருக்கு அங்காடி இல்லை. ஒரு வாயிலைத் துறந்தால் இன்னொரு வாயிலைத் தேடி மலையும் காடும் கடந்து நடக்க வேண்டும், வீட்டிலோ வறுமை. அந்நிலையிலும் அவர் மறுத்தார். அதியமான்பால் நெருங்கிய நட்புப் பூண்ட ஔவையாரும் பரிசில் நீட்டித்தபோது வாயிற்காவலனை விளித்து, எத்திசைச் சென்றாலும் எமக்குச் சோறு உண்டு எனக் கூறிப் புறப்படத் துணிந்தார். பிறிதொரு பாடலில் அதே அதியமானை மனமாரப் புகழ்ந்தவரும் அவரே. கண்டிக்க வல்லவர் பாடியதனாலன்றோ அப்புகழ்ச்சி இன்றும் நம்பத்தக்கதாக நிற்கிறது!

இரவலரைப் புலவர் பலரும் இழிவாக எண்ணியதில்லை. இரத்தலின் கொடுமையை இரவச்சத்தில் உள்ளம் உருகப் பாடிய வள்ளுவரே, அதற்கு முந்திய அதிகாரத்தில், இரப்பார் இல்லையேல் உலகம் கயிற்றால் ஆடும் மரப்பாவை போலாகும் என்றும், ஈவார்க்குப் புகழே இராது என்றும் சொல்லியிருக்கிறார். புரவலன் என்னும் சொல்லுக்கு உயிர் தருபவன் இரவலன் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

மறுப்பும் விடையும்

ஈண்டு ஒரு மறுப்பு எழலாம். புறநானூற்றில் கண்டித்த பாட்டுச் சிலவே. புகழ்ந்த பாட்டுப் பல. பதிற்றுப்பத்தின் பதிகங்களோ பரிசில் கணக்காகவே உள்ளன. கபிலர் பெற்றது நூறாயிரம் காணம். அரிசில்கிழார் பெற்றது ஒன்பது நூறாயிரம் காணமும் அரசுகட்டிலும். இவை முகத்துதியின் விலையல்லவா எனச் சிலர் வினவுவர்.

இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிடலாகாது. வறுமையால் மிகைபடப் பாடிய புலவரும் இருந்திருப்பர். பதிகங்கள் பாடல்களுக்குக் காலத்தாற் பிற்பட்டவை என அறிஞர் கருதுவதால், அவை தரும் தொகைகளையும் அப்படியே கொள்வதற்கில்லை. ஆயினும் பிற்காலத்தார் எதனை நினைவில் வைக்க விரும்பினர் என்பதை அப்பதிகங்கள் காட்டுகின்றன. அரிசில்கிழார் அரசுகட்டிலைத் திருப்பித் தந்து, அமைச்சுப் பணியை ஏற்றுக்கொண்டார் என்பதே அப்பதிகத்தின் முடிவு. பெற்றதன் அளவைச் சொல்லி நிறுத்தாது, பெற்றவர் அதனை என்செய்தார் என்பதையும் சொல்லி வைத்தனர்.

மேலும், புரத்தல் ஒருவழிப்பட்டதாகவும் இருந்ததில்லை. மலையமான் மக்களை யானைக்காலில் இடக் கிள்ளிவளவன் முற்பட்டபோது அக்குழந்தைகளைக் காத்தது கோவூர்கிழாரின் பாட்டு. பாண்டியன் அறிவுடைநம்பி குடிகளை வருத்தி வரிகொண்டபோது பிசிராந்தையார் இடித்துரைத்தார். நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பன்னாள் உணவாகும். யானையே வயலிற் புகுந்தால் அது உண்பதைவிட மிதித்து அழிப்பது மிகும் என உவமை காட்டினார். இங்கே காவற்றொழிலைப் புரிபவர் புலவர். காக்கப்படுவோர் பாட்டில் பெயரும் பெறாத குடிகள்.

புரவலன் கொடுத்த பொருள் எங்கிருந்து வந்தது என்னும் வினாவும் இங்கே விடை பெறுகிறது. சிற்சில வேளைகளில் அது பகைவர் நாட்டைச் சுட்டுக் கொணர்ந்த பொருள்; புறப்பாடல்கள் அதனை மறைப்பதில்லை. பிற வேளைகளில் உழவரின் விளைச்சல். சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலவரிக்குப் ‘புரவு’ என்றே பெயர். வரிக்கணக்கைப் பேணிய துறை ‘புரவுவரித் திணைக்களம்’ எனப்பட்டது. காத்தலையும் கொடுத்தலையும் குறித்த வேர்ச்சொல்லே வாங்குதலையும் குறித்து நிற்பது எண்ணுதற்குரியது. வள்ளலின் கைக்குப் பின்னே உழுதவன் கை உண்டு என மொழியே நமக்கு நினைவூட்டுகிறது.

ஆற்றுப்படையும் கையொப்பமும்

பெற்றவர்க்கும் ஒரு கடமை உண்டு என்பதற்கு ஆற்றுப்படை இலக்கியமே சான்று. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே. திருமுருகாற்றுப்படை முருகன் அருளை நாடி வழிகாட்டுவது. ஏனைய நான்கும், பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன் எதிர்ப்பட்ட வறிய கலைஞனுக்கு வழிகூறும் அமைப்பின. எந்த வழியிற் செல்வது, எங்கே தங்குவது, எந்நிலத்து மக்கள் என்ன உணவு அளிப்பர் என ஒன்றுவிடாது சொல்கின்றன. தான் கண்ட வாயிலைத் தனக்கே உரியதாக மறைத்து வைத்துக்கொள்ளும் எண்ணம் அங்கே இல்லை. பெருஞ்சித்திரனாரும் குமணனிடம் பெற்ற வளத்தோடு இல்லம் திரும்பி, என்னைக் கேளாமலும் இன்னார் எனப் பாராமலும் எல்லோர்க்கும் கொடு என்றே மனைவியிடம் கூறுகிறார். இரவலன் அந்நாளிலேயே புரவலன் ஆகிவிடுகிறான். பொருள் ஒரு வீட்டில் தேங்காது ஓடிக்கொண்டிருந்தது என்பதே இதனால் நாம் பெறும் செய்தி.

இவ்வுறவு பிற்காலத்திலும் முற்றும் அறுந்துவிடவில்லை. திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளலைத் தம் காப்பியத்துள் நன்றியோடு நினைந்தார் கம்பர். வில்லிபுத்தூரார்க்கு வக்கபாகை வரபதி ஆட்கொண்டான் துணைநின்றான். இசுலாமியத் தமிழ்க் காப்பியமாகிய சீறாப்புராணம் உருவாகச் சீதக்காதி வள்ளலும் அபுல்காசீம் மரைக்காயரும் உமறுப்புலவர்க்கு உறுதுணையாயினர். 1901இல் மதுரையில் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கம் இவ்வழியில் வந்த பெருங்கொடைகளுள் ஒன்று. நகரந்தோறும் நாம் அமைத்துக்கொண்ட சங்கங்கள் தாங்கும் பெயர் அம்மரபையே சுட்டுகிறது.

ஆயினும் அச்சுப்பொறி வந்தபின் ஒரு பெரிய மாற்றம் நேர்ந்தது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, திருவாவடுதுறை ஆதீனத்தின் அன்பும் செல்வர் துணையும் அவருக்கு இருந்தன. அவற்றோடு, நூல் வெளிவருமுன்னரே அதனை வாங்க இசைந்தோரிடம் ‘கையொப்பம்’ பெறும் முறையையும் அவர் மேற்கொண்டார். ஒரு வள்ளலின் பெருங்கொடை இருந்த இடத்தில் பலரின் சிறுதொகை வந்து சேர்ந்தது. ஆசிரியர், வழக்கறிஞர், அரசு அலுவலர் எனப் பலரும் தமிழைப் புரப்போராயினர்.

இம்மாற்றத்தின் நடுவில் நின்று துன்புற்றவர் பாரதியார். 1919இல் அவர் எட்டயபுரம் சமீன்தாருக்குச் சீட்டுக்கவி எழுதினார். பரிசில் வேண்டிச் செய்யுள் மடல் விடுக்கும் பழைய முறை அது. அடுத்த ஆண்டே, தம் எழுத்துகளையெல்லாம் 40 புத்தகங்களாக வெளியிட எண்ணி, அதற்கு வேண்டும் பணத்தை வட்டியோடு திருப்பித் தரும் கடனாக அன்பர்களிடம் கேட்டார். முதல் மடலில் அவர் பரிசிலர். இரண்டாவதில் தொழில் தொடங்குபவர். அத்திட்டம் நிறைவேறாமலே 1921இல் அவர் மறைந்தார். பழைய புரவலர் மறைந்து, புதிய வாசகர் திரளாத இடைவெளியில் ஒரு பெருங்கவிஞர் நின்றார். அவர் நூல்களைச் சென்னை அரசு நாட்டுடைமையாக்கியது 1949இல்.

இன்றைய வழக்கு

இன்று புரவலர் என்னும் சொல் தமிழ்நாட்டுப் பொது நூலகங்களிலும் வழங்குகிறது. 1,000 ரூபாய் செலுத்திப் புரவலராகச் சேர்ந்தோர் பலர். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தால் வீட்டுவரியோடு நூலக வரியும் தண்டப்பட்டு வந்திருக்கிறது. எண்ணிப் பார்த்தால், அவ்வரியைச் செலுத்தும் ஒவ்வொரு குடும்பமும் பெயரறியாப் புரவலரே. ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் தமிழ் இருக்கை அமைப்பதற்கான 60 இலட்சம் டாலர் 2018இல் நிறைவெய்தியபோது, தமிழ்நாட்டு அரசின் 10 கோடி ரூபாயோடு பல நாடுகளில் வாழும் தமிழரின் நன்கொடைகளும் அதில் கலந்திருந்தன.

மற்றொருபுறம், ‘தங்கள் நல்லாதரவை நாடும்’ எனக் கடைவிளம்பரத்தின் அடியிலும் ‘ஆதரவு’ வருகிறது. ‘வள்ளல்’ சுவரொட்டி தோறும் வருகிறது. ‘உபயம்’ என்று தொடங்கிப் பெயரும் ஊரும் எழுதிய குழல்விளக்குகளைக் கோயில்களில் நாம் கண்டிருக்கிறோம். எழுத்து மிகுதியால் ஒளி பாதியாய்க் குறைந்த விளக்குகளும் உண்டு. பெயர் பொறித்தலைக் குற்றம் என நாம் கூறவில்லை. சோழர் காலத்தாரும் கல்லிற் பெயர் பொறித்தனர். ஆனால் அக்கல்வெட்டுகள் பெயரோடு நின்றனவல்ல. ஒரு நந்தாவிளக்குக்கு 96 ஆடுகள், அவற்றைப் பெற்று வளர்க்கும் இடையர் இன்னார், நாள்தோறும் அவர் அளக்க வேண்டிய நெய் ஓர் உழக்கு எனக் கணக்கு முழுதும் சொல்லின. இறப்பதை ஈடுசெய்யக் குட்டிகள் வளர்வதால் மந்தை குறையாது என்னும் கருத்தில் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். கொடுத்தவர் பெயரைப் படித்த எவரும், விளக்கு எரிகிறதா என நிமிர்ந்து பார்த்து உண்மையறியலாம்.

நம் சங்கங்களுக்கு வேண்டுவதும் இதுவே. தாய்நாட்டுப் பள்ளிகளிலிருந்து தொலைவில் வாழும் நமக்கு, சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பும், இரண்டு அலமாரி நூல்களும், ஆண்டுக்கொருமுறை மேடையேறும் நாடகமுமே மொழியின் வாயில்கள். இங்கே இரவலர் யார்? வேறு மொழிப் பள்ளியில் ஆறு நாட்கள் படித்துவிட்டு ஏழாம் நாள் ‘அ’ எழுத வரும் குழந்தை இரவலர். பிறந்த ஊரின் பேச்சைக் கேட்க மாலையில் வந்தமரும் முதியவர் இரவலர். அச்சேறாத கவிதையை வைத்திருக்கும் இளைஞர் இரவலர். பட்டியலில் இவர்கள் பெயர் இராது. ஆயினும் புரவலர் என்னும் சொல் மெய்யாவதும் பொய்யாவதும் இவர்களாலேயே. வகுப்பு நடைபெறவில்லை எனக் குழந்தையின் பெற்றோர் கேட்கலாம். நூலகம் பூட்டிக் கிடக்கிறது என முதியவர் கேட்கலாம். இவ்வளவு விளம்பரத்துக்கிடையே என் கவிதைக்கு ஒரு பக்கம் இல்லையா என இளைஞரும் கேட்கலாம். அவ்வாறு கேட்போரை நன்றியற்றோர் என எண்ணுதல் முறையன்று. யானையைக் காவல்மரத்திற் கட்டிய புலவரின் வழித்தோன்றல்கள் அவர்கள்.

ஆதலின் புரவலர் பட்டியலை நீக்கச் சொல்வது நம் நோக்கமன்று. உழைத்துச் சேர்த்த பொருளில் ஒரு பகுதியைத் தமிழுக்கென எடுத்து வைப்போரின் பெயரை அச்சிடுதல் நன்றியறிதலாகும். அப்பட்டியலுக்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பட்டியலும் அச்சாகட்டும். அத்தொகையால் இவ்வாண்டு எத்தனைக் குழந்தைகள் எழுதப் படிக்கக் கற்றனர், எத்தனை நூல்கள் வாங்கப்பட்டன, எத்தனை பேர் அவற்றை எடுத்துச் சென்றனர் என அது சொல்லட்டும். மலரை விரிப்போர் இரு பக்கங்களையும் ஒருசேரக் காண்பர். இடப்பக்கத்துச் சொல்லின் பொருள் வலப்பக்கத்தில் இருக்கும்.